நேற்று மருந்தடித்த கத்தரிக்காய்

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் தனியாகப் பேச வேண்டும் என்று காத்திருந்தார். ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர். கூட்டம் கலைந்ததும் கேட்டார்: "ஹஜ்ரத், நேத்து மருந்தடிச்ச காயை இன்னைக்குப் பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புறேன். அந்தக் காசு ஹலாலா?"

வட்டி, ஜகாத், பாகப்பிரிவினை என்று நம்மிடம் வரும் கேள்விகளில் இப்படி ஒன்று அதுவரை வந்ததில்லை. விசாரித்தபோது அவரே இன்னொன்றையும் சொன்னார். வீட்டுச் சமையலுக்கென்று கிணற்றடியில் ஏழெட்டுக் கத்தரிச் செடிகள் தனியாக வைத்திருக்கிறாராம். அதற்கு மருந்து அடிப்பதில்லை. பேரப்பிள்ளைகள் சாப்பிடுவது அந்தக் காயைத்தான். இந்தக் கேள்வி அவர் மனதை ஏன் அரித்தது என்பது அப்போது நமக்குப் புரிந்தது.

பதில் ஒருவகையில் சுலபம். மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததுதான். பூச்சிமருந்து டப்பாவிலேயே, கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த நாட்கள் முடியுமுன் விற்பது, வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத குறையை மறைத்து விற்பதுதான். இதைச் சொன்னோம். பெரியவர் மறுக்கவில்லை. "வாரத்துல ரெண்டு பறிப்பு ஹஜ்ரத். வாரம் ஒரு மருந்து. நடுவுல எங்க காத்திருக்கிறது? அடிக்கலைன்னா ஒண்ணும் தேறாது" என்றார்.

அடிக்காவிட்டால் ஒன்றும் தேறாது என்பது உண்மையா? இதற்கு நம்மிடம் பதில் இல்லை. மார்க்கச் சட்டம் சொல்பவர் நிலத்தின் நிலவரம் தெரியாமல் சொன்னால் அது பாதித் தீர்ப்புதான். எனவே சில மாதங்கள் இது பற்றிப் படித்தோம், வேளாண்மைத் துறையில் இருப்பவர்களிடமும் கேட்டோம். விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். கல்லூரியில் நாம் படித்தது வரலாறு, பூச்சியியல் அல்ல. ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

இந்தோனேசியாவுக்கு அரிசிதான் எல்லாம். 1970களில் அந்நாட்டு அரசு புதிய நெல் ரகங்களோடு உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் சேர்த்தே விவசாயிக்குக் கொடுத்தது. பூச்சிக்கொல்லி விலையில் 80 சதவீதத்துக்கும் மேல் அரசு மானியம். கிட்டத்தட்ட இலவசம் என்றால் யார்தான் அடிக்க மாட்டார்? ஆனால் அடிக்க அடிக்க ஒரு பூச்சி மட்டும் பெருகியது. தஞ்சை விவசாயிகளுக்கும் நன்கு தெரிந்த புகையான்தான் அது. தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகத் தீயில் கருகியதுபோல் காய்ந்துபோகும். 1984இல் அரிசியில் தன்னிறைவு அடைந்துவிட்டதாக அறிவித்த நாட்டில், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஜாவாவின் வயல்கள் மறுபடியும் கருகின.

மருந்து அடித்தும் பூச்சி ஏன் கூடுகிறது? புகையான் தன் முட்டையை நெல்லின் இலை உறைக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. ஆனால் புகையானைத் தின்கிற சிலந்தி, அதன் முட்டையை உறிஞ்சுகிற சிறு நாவாய்ப்பூச்சி, தண்ணீர்மேல் ஓடி விழுந்ததைப் பிடிக்கும் பூச்சிகள் ஆகியவை வெளியேதான் திரிகின்றன. மருந்து முதலில் கொல்வது இவற்றை. சில நாள் கழித்து முட்டைகள் பொரிக்கும்போது வயலில் எதிரியே இல்லை. வந்த குஞ்சுகள் அத்தனையும் பிழைத்துக்கொள்கின்றன. விவசாயி பதறிப்போய் மறுபடி அடிக்கிறார். இப்படியே போகும்.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்தார். நெல் வயலில் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை. மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 தொடக்கத்தில் நின்றது. அரசாங்கம் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்த மானியம் அது. விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. விழவில்லை. பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. நெல் உற்பத்தியோ அடுத்த சில ஆண்டுகளில் கூடியது.

தடையைவிட நம்மைக் கவர்ந்தது அதன்பின் நடந்ததுதான். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கினார்கள். இருபத்தைந்து பேர் அளவிலான ஒரு குழு, ஒரு பயிர்க்காலம் முழுவதும், வாரம் ஒரு காலை வயலில் இறங்கும். தூரைப் பிரித்துப் பார்த்து எந்தப் பூச்சி எத்தனை என்று எண்ணுவார்கள், படம் வரைவார்கள், ஒரு சிலந்தியையும் நாலு புகையானையும் வலைக்குள் விட்டு மறுநாள் என்ன மீந்தது என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற முடிவு. பத்தாண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் இப்படிப் படித்தார்கள். மதரஸாவில் குர்ஆனை ஓதவைத்துக் காது கொடுத்துக் கேட்டுத் திருத்தும் முறையில் வளர்ந்தவர்கள் நாம். நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவதற்கும் கூடவே நின்று பார்க்க வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும்.

1996இல் ஜாவா வயல்களில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. நாற்று நட்டவுடன் வயலில் தீமை செய்யும் பூச்சி எதுவும் வந்திருக்காது. அப்படியானால் சிலந்திகள் எதைத் தின்று உயிர்வாழும்? மண்ணில் மட்கும் சாணம், வைக்கோல், தழை ஆகியவற்றில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்று கொசு போன்ற, ஆனால் கடிக்காத, சின்னஞ்சிறு ஈக்கள் பெருகும். அவை சிலந்திக்கு ஆகாரம். புகையான் வந்து சேரும்போது சிலந்திப் படை தயாராக நிற்கும். தொழுவுரம் போடுவது பயிருக்குச் சத்து என்பது மட்டுமல்ல. அது காவலாளிக்கு முன்கூட்டியே கொடுக்கும் சம்பளம். எல்லா உயிரும் ஒன்றுக்கொன்று பிணைந்திருக்கிறது என்று பயான்களில் நாமும் எத்தனையோ தடவை பொதுவாகச் சொல்லியிருக்கிறோம். அதை இவ்வளவு துல்லியமாக ஒரு நெல் வயலில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல் முறை.

சரி, இதில் மக்களின் ஆரோக்கியம் எங்கே வருகிறது?

முதலில் வருவது தெளிக்கிறவரின் உடம்பு. காய்கறி தின்னும் நம்மைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவரைப் பற்றிப் பேசுவதே நியாயம். பூச்சிக்கொல்லிகளில் பெரும்பகுதியாக இருந்துவந்த ஆர்கனோபாஸ்பேட் வகை, நரம்பு செய்தியை அனுப்பி முடித்தபின் அதை நிறுத்துகிற ஒரு நொதியை முடக்குகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பூச்சி துடித்துச் சாவது இதனால்தான். மனிதனுக்கும் அதே நொதிதான். வியர்த்துக் கொட்டும், வாயில் எச்சில் ஊறும், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், தசைகள் துடிக்கும், மூச்சு திணறும். விஷம் வாய்வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, தோல்வழியாகவும் இறங்கும். முதுகில் கட்டிய ஸ்பிரேயர் ஒழுகிச் சட்டை நனைந்தால் போதும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் கூலிக்குத் தெளித்தவர்கள்.

இது வெளியே தெரிந்த கணக்கு. தலைவலி, வாந்தி, கை நடுக்கம் என்று வீட்டிலேயே படுத்துக் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அந்தச் சட்டையைத் துவைக்கிற மனைவியும், அடித்த மறுநாள் களை எடுக்கப் போகிற பெண்களும் அப்படித்தான். பிலிப்பைன்ஸ் நெல் விவசாயிகளிடம் ஆய்வு செய்து 1993இல் வெளியிட்ட ஒரு நூல், விவசாயியின் மருத்துவச் செலவையும் வேலை இழந்த நாட்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. அப்படிப் பார்த்தபோது, சாதாரண ஆண்டுகளில் மருந்தே அடிக்காமல் இயற்கை எதிரிகளிடம் விட்டுவிடுவதுதான் அதிக லாபம் என்று வந்தது. நாம் அறிந்தவரை எந்தக் குத்தகைதாரரும் தன் உடம்பைச் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

இரண்டாவது, தெளிப்பவரையும் தாண்டி ஊருக்கு நேர்வது. இதற்கு ஓர் அபூர்வமான சான்று அமெரிக்காவிலிருந்து கிடைத்திருக்கிறது. 2006இல் நியூயார்க் மாநிலத்தில் வௌவால்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. குகைகளில் குளிர்காலத் தூக்கத்தில் இருந்த வௌவால்கள் மூக்கில் வெள்ளை படிந்து லட்சக்கணக்கில் இறந்தன. இவை இரவு முழுக்கப் பூச்சி தின்னும் வகை. நோய் ஒவ்வொரு மாவட்டமாகப் பரவியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் இயால் ஃபிராங்க், நோய் வந்த மாவட்டங்களையும் வராத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். வௌவால் போன இடங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லியை ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். அதே இடங்களில், விபத்து போன்ற காரணங்களை நீக்கிவிட்டுப் பார்த்த சிசு மரணம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடியது. 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகள். எந்தக் குழந்தை எதனால் இறந்தது என்று தனித்தனியே இதில் நிரூபிக்க முடியாது. ஆனால் நோய் எங்கே எப்போது வரும் என்பதை எந்த விவசாயியும் முடிவு செய்யவில்லை என்பதால், இந்த ஒப்பீட்டை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

நமது பழைய பள்ளிவாசலின் மேல்மாடத்தில் சிறிய வௌவால்கள் இருந்தன. பராமரிப்பு நடந்தபோது கம்பிவலை போட்டு விரட்டினோம். அசுத்தம் என்பது உண்மைதான். தொழும் இடத்தில் வேண்டாம் என்பதும் சரிதான். கையால் தொடவும் கூடாது, அவற்றிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்கள் உண்டு. ஆனாலும் அவை போய்த் தங்க ஊரில் ஒரு பழைய புளியமரமாவது மிச்சம் இருக்கிறதா என்று அன்று நாம் யாரும் யோசிக்கவில்லை.

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூளைக்காய்ச்சல் நோயைப் பரப்பும் கொசு நெல் வயல் தண்ணீரில்தான் அதிகம் பெருகுகிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல் நம்முடைய வேலூரில். வயல் தண்ணீரில் தும்பியின் இளம்புழு, நீர்ப்பூச்சிகள், சிறு மீன்கள் எல்லாம் கொசுப்புழுவைத் தின்னும். விஷம் விழுந்தால் எல்லாமே சாகும். ஆனால் கொசு வாரத்தில், பத்து நாளில் திரும்பி வந்துவிடும். தும்பி திரும்ப மாதங்கள் ஆகும்.

இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் சிலர் இலங்கையைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. நாம் பேசியாக வேண்டும், ஏனென்றால் இலங்கையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. பெரும்பாலும் கிராமங்களில், வீட்டு மூலையில் இருந்த பூச்சிமருந்தால், ஒரு நொடிக் கோபத்தில் நடந்தவை. 1995இல் மிகக் கொடிய வகை மருந்துகளை அரசு தடை செய்தது. 1998இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை பாராகுவாட் உள்ளிட்ட மூன்று. ஒவ்வொன்றாக, மாற்று என்ன என்று பார்த்துச் செய்தார்கள். இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். நெல் விளைச்சலில் பாதிப்பு தெரியவில்லை. தற்கொலை ஹராம் என்று மிம்பரில் நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், சொல்லவும் வேண்டும். அந்த ஒரு நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த எண் நமக்குச் சொல்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் உள்ள வீட்டில் இவற்றை வைக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது பாடம் 2021. அவ்வாண்டு ரசாயன உரம், பூச்சிமருந்து அனைத்தின் இறக்குமதிக்கும் ஒரே அடியாகத் தடை போட்டார்கள். போதிய தொழுவுரம் இல்லை, பயிற்சி இல்லை, அவகாசம் இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் அரசு பின்வாங்கியது. இந்தோனேசியாவில் ஓர் ஆணைக்குப் பின்னால் பத்தாண்டு வயல்வெளிப் பள்ளி இருந்தது. இங்கே ஆணை மட்டும் இருந்தது. மண்ணில் உயிர் திரும்பி வரப் பல பருவங்கள் ஆகும். அதுவரை விவசாயி என்ன சாப்பிடுவார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் "இயற்கைக்குத் திரும்புங்கள்" என்று சொல்வது அவர் தலையில் நம் ஆசையை ஏற்றுவதாகும்.

இனி நமது கத்தரிக்கு வருவோம். கத்தரியின் பெரிய பகை காய்த்துளைப்பான் புழு. முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். புகையான் முட்டையைப் போலவே, உள்ளே போனபின் மருந்து அதைத் தொடாது. அதனால்தான் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பங்களாதேஷின் ஜெசூரில் ஒரே பருவத்தில் நூறு தடவைக்கும் மேல் அடித்தவர்கள் இருந்தார்கள். 2000க்குப் பின் அங்கும் இந்தியாவிலும் வேறு வழி சோதித்தார்கள். வாடித் தொங்கும் குருத்தை வாரந்தோறும் கிள்ளி எரிப்பது அல்லது புதைப்பது. ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது. பழைய கத்தரிச் செடிகளை வயலோரம் குவித்து வைக்காமல் இருப்பது. இந்தப் புழுவைக் கொல்லும் குளவி வாழும்படி மருந்தை நிறுத்துவது. அக்கம்பக்கத்தினரும் சேர்ந்து செய்தால் பலன் அதிகம். தனியாகச் செய்தால் பக்கத்து வயல் அந்துப்பூச்சி வந்துவிடும். 2014இல் பங்களாதேஷ் மரபணு மாற்றிய கத்தரியையும் கொண்டுவந்தது. அது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

வாங்கும் நமது பங்கும் இதில் உண்டு. பளபளவென்று, ஓட்டையே இல்லாத காயை மட்டும் பொறுக்கி எடுப்பது நாம்தான். அந்தப் பளபளப்புக்காகவே கடைசி மருந்து அடிக்கப்படுகிறது. புழு இருந்த பகுதியை அரிந்து வீசிவிட்டு மீதியைச் சமைப்பது நம் பாட்டிமார்கள் செய்ததுதான். நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மேலே படிந்தது பெரும்பாலும் போகும், செடி உறிஞ்சிக்கொண்டது போகாது. வரப்பில் தானாக முளைத்த பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, மணத்தக்காளி எல்லாம் களைக்கொல்லி வந்தபின் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டன. வாய்க்காலில் பிடித்த அயிரை மீனும் அப்படித்தான். ஏழை வீட்டில் இரத்தச்சோகை ஏன் என்று கேட்பவர்கள் வரப்பையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

விவசாயம் செய்கிற குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். டப்பாவில் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. காலி டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்காதீர்கள். 2013இல் பீகாரில் சத்துணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தது மோனோகுரோட்டோபாஸ் கலந்த சமையல் எண்ணெயால். தெளித்த உடையை மற்ற துணிகளோடு போடாதீர்கள். தெளித்தவருக்கு வியர்வையும் வாந்தியும் கண்மங்கலும் வந்தால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து சரியாகக் கொடுக்க முடியும்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி ஹஜ்ரத், ஓட்டைக் காயை யார் வாங்குவா?" என்றார். அது நியாயமான கேள்வி. ஜமாஅத்தில் பேசினோம். பதினோரு குடும்பங்கள், ஓட்டை இருந்தாலும் மார்க்கெட் விலையிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டன. இருபது சென்ட்டில் மட்டும் மருந்தை நிறுத்தினார், ஆறு பொறி வைத்தார், பேரன்களை விட்டு வாடிய குருத்தைக் கிள்ள வைத்தார். முதல் பறிப்பில் பாதிக்குப் பாதி சொத்தை. இரண்டு குடும்பங்கள் விலகிவிட்டன. ஐந்தாவது பறிப்பில் பத்துக்கு மூன்று. இந்தப் பருவம் பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்தால் நாற்பது சென்ட்டாக்கலாம் என்கிறார், இன்ஷா அல்லாஹ். மீதி ஒரு ஏக்கருக்கு மேல் இன்னும் மருந்துதான் அடிக்கிறார். ஆனால் அடித்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, நாள் எண்ணிப் பறிக்கிறார். அதனால் ஒரு பறிப்பு நஷ்டம் என்று போன வாரமும் நம்மிடம் சொன்னார்.